அணையாத அடுப்பு: வடலூர் வள்ளலாரின் வாழ்க்கை

பசித்து வந்தவருக்குச் சோறு போட்ட கதையைக் கோவில்பத்துக்காரர்களான நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி மாதம் வந்தால் மாங்கனித் திருவிழாவில் காரைக்காலே அந்தக் கதையை நடத்திக் காட்டுகிறது. சோறு மட்டும் ஆகியிருந்தது, கறி இன்னும் ஆகவில்லை. வந்த அடியவரைக் காக்க வைக்க மனமில்லாமல், கணவன் அனுப்பியிருந்த இரண்டு மாம்பழங்களில் ஒன்றை இலையில் வைத்துவிட்டார் புனிதவதியார். பிச்சாண்டவர் வீதியுலாவின்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஓடிப் பிடித்தும் இருப்பார்கள்.

ஆனால் இந்த இதழில் சொல்ல வந்தது அம்மையாரைப் பற்றி அல்ல. அன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு வேளை நடந்ததை, தினமும் நடக்கிற ஓர் ஏற்பாடாகவே மாற்றிய ஒருவரைப் பற்றி. நம் விழாக் கூடத்தில் மீந்துபோகும் சாப்பாட்டை என்ன செய்வது என்று நலச்சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தபோது பலர் வாயிலும் வள்ளலார் பெயர்தான் வந்தது. பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. பயிரைப் பார்த்து வாடிய அந்த வரியும் தெரிகிறது. காலண்டரில் வெள்ளை முக்காட்டோடு இருக்கும் படமும் தெரிகிறது. அவர் எப்படி ஒரு சமையலறையைக் கட்டி நடத்தினார் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. நமக்கு இப்போது வேண்டியது அதுதான்.

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5. ஊர் மருதூர், சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். நம் ஊரிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். தாய் சின்னம்மையார். ஐந்தாவது பிள்ளையான இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் தம் பிறந்த ஊருக்குப் போய், பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மூத்தவர் சபாபதிப் பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து அந்த வருமானத்தில் குடும்பத்தைத் தாங்கினார். ஏழுகிணறு பகுதியில் குடியிருப்பு.

தம்பிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. கந்தகோட்டம் முருகன் சந்நிதியில் போய் உட்கார்ந்துவிடுவார். அண்ணன் சொல்லிப் பார்த்தார், கண்டித்துப் பார்த்தார். கடைசியில் இவனுக்கு வீட்டில் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டார். பிரசங்கம் செய்து அரிசி வாங்குகிற மனிதர், அவர் கோபத்தையும் நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவர் இல்லாத நேரம் பார்த்து, எடுத்து வைத்திருந்ததைப் பையனுக்குப் பின்புறமாகப் போட்டு வந்தார். தந்தையின் திதி வந்த அன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்து அந்த அம்மாள் அழுதுவிட்டார் என்றும், அந்தக் கண்ணீருக்காகவே இனி வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார் என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

வள்ளலார் கதை சொல்பவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்து, மாடி அறையில் கண்ணாடி வைத்துத் தியானம் செய்ததற்குப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் இங்கேயே நில்லுங்கள். பின்னால் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டவர், சிறு வயதில் சொந்த வீட்டிலேயே நேரம் தப்பி வந்து, பிறர் உண்டு முடித்த பிறகு உண்டவர். யாருக்கும் தெரியாமல் ஒரு கை எடுத்து வைத்தவரால் அவர் வயிறு நிறைந்தது. பசியைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியதில் உள்ள நுணுக்கம் ஏட்டில் படித்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள், அவருக்குப் பதிலாகப் பிரசங்கத்துக்குப் போய், சபையையே அசத்திவிட்டார். அதன் பிறகு சென்னையில் அவருக்கு நல்ல பெயர். பாட்டுகள் பெருகின, மாணவர்கள் சேர்ந்தார்கள். அக்காள் மகள் தனக்கோடியை மணம் செய்து வைத்தார்கள், இல்லறத்தில் மனம் செல்லவில்லை. 1858இல் சென்னையை விட்டுப் புறப்பட்டு, தலங்களைப் பார்த்துக்கொண்டு சிதம்பரம் வந்து, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். பல ஆண்டுகள் அந்த வீடுதான் இருப்பிடம். தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்லப்படுவது அங்கேதான். விளக்கைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் நான் அடுப்புக்குப் போகிறேன்.

1865இல் ஒரு சங்கம் தொடங்கினார். சாதி, சமய வேற்றுமை பாராமல் எல்லா உயிரையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் சேர வேண்டிய சங்கம். சங்கம் தொடங்குவது அந்தக் காலத்தில் புதிதல்ல. தீர்மானங்களோடு நின்றுபோன சங்கங்கள் எத்தனையோ. இவர் அடுத்துக் கட்டியது சொற்பொழிவு மண்டபமோ கோயிலோ அல்ல, சமையற்கூடம்.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். 1866இல் ஒரிசாவைச் சூறையாடிய பஞ்சம் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களையும் தொட்டது. அப்போது நம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் நம் துறையிலிருந்து கிளம்பின. அவற்றில் ஏறியவர்களில் பலர் சுற்றியிருந்த பிரிட்டிஷ் மாவட்டங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். காவிரிப் படுகையில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. விளைந்த இடத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்திருந்தது.

வடலூர் மக்கள் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 106 ஏக்கர். அந்த இடத்துக்குப் பார்வதிபுரம் என்று பெயர். நம் ஊர் சுவாமி பார்வதீசுவரர் என்பதை நினைத்து நீங்கள் சிரித்துக்கொள்ளலாம், இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. 1867 மே 23 அன்று, வைகாசி மாதம் 11ஆம் நாள், அங்கே தருமச்சாலை தொடங்கியது. முதலில் கீற்றுக் கொட்டகை. உள்ளே 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அடுப்பு. வள்ளலார் கையால் ஏற்றிய அந்த நெருப்பை அணைய விடாமல் இன்று வரை காத்து வருகிறோம் என்கிறார்கள் சாலைக்காரர்கள். வடலூர் போனால் அடுப்பைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இத்தனை நீள அடுப்பு எதற்கு, அதை ஏன் அணைக்காமல் வைக்க வேண்டும் என்று யோசித்தால் அந்த மனிதரின் புத்தி புரியும். கல்யாணச் சமையலுக்கு மூட்டுகிற அடுப்பு, கொடுப்பவரின் நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப எரிவது. நம் வீட்டு விசேஷம் என்றைக்கோ அன்றைக்குத்தான் நம்மிடம் சோறு மிகும். பசிக்கு அப்படி முகூர்த்தம் கிடையாது. அவர் அடுப்பைப் பசியின் கடிகாரத்துக்குத் திருப்பி வைத்தார். வருகிறவர் வரும்போது சோறு இருக்க வேண்டும், சோறு இருக்கும்போது அவர் வர வேண்டும் என்பதல்ல. வடலூர் நாலு பக்கமும் சாலை பிரிகிற இடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கர், வேலை தேடிப் போகிறவர், வீடற்றவர் எல்லாரும் கடந்து போகிற இடத்தில் உலை கொதித்துக்கொண்டே இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் உள்ள யோசனையை ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில் எழுதி வைத்தார். பாட்டுக்காகப் புகழ்பெற்றவர், இதை மட்டும் பாட்டாக எழுதவில்லை. பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவர் மாதிரி வரிசையாகச் சொல்கிறார்: கண் எப்படி ஆகிறது, காது, கை கால், நினைவு, கடைசியாக மனிதனின் நம்பிக்கை எப்படிக் கரைகிறது என்று. பசித்தவன் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம், எப்படிப்பட்ட நடத்தை என்று விசாரிக்காமல் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. பிறரிடம் கேட்கக் கூசி, பசித்த முகத்தைக் காட்டாமல் ஒடுங்கிக் கிடக்கிற மானஸ்தர்களைப் பற்றியும் அந்த நூலில் இருக்கிறது. வரிசையில் வந்து நிற்கிறவரை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அதே நூலில் கல்யாண வீடும் வருகிறது. பந்தல் அலங்காரம், ஆட்டம் பாட்டு, ஊர்வலம், வகை வகையான பலகாரம், சித்திரான்னம் என்று செலவு செய்கிறவர்கள் பசித்து நிற்கிற ஏழையின் முகத்தைப் பார்க்கக்கூட மனம் கொள்வதில்லையே என்று நொந்துகொள்கிறார். உள்ளே மிகுந்து கிடக்கும் விருந்தையும் வெளியே நிற்கிறவரையும் அவர் ஒரே காட்சியாகப் பார்த்தார். எழுதியது 150 ஆண்டுகளுக்கு முன். சாப்பாட்டு மெனுவில் ஐஸ்கிரீமும் பீடாவும் சேர்ந்ததைத் தவிர நாம் மாற்றியது குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குப் போடு என்று அவர் சொல்லவில்லை. குடும்பச் செலவைச் சிக்கனமாக வைத்து, அவரவர் சக்திக்கு முடிந்ததைச் செய்யச் சொன்னார். ஆளுக்குக் கொஞ்சம் என்று சேர்ந்த அரிசியும் பருப்பும்தான் அந்த அடுப்பை ஓட்டின.

கோயில் இதற்குப் பிறகுதான் வந்தது. சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25, தைப்பூசம். அதாவது அடுப்பு மூட்டி நாலரை ஆண்டுக்கும் மேல் கழித்து. சபைக்குள் நுழைய, கொலையையும் புலால் உண்பதையும் விட்டவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. சாப்பாட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஜோதியைப் பார்க்கத் தகுதி வேண்டும், சோற்றுக்குப் பசி போதும். இரண்டையும் கட்டியவர் ஒருவரே என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியாது.

எல்லோரும் அவரைக் கொண்டாடிவிடவில்லை. அவர் பாடல்களைத் திருமுறைக்குச் சமமாக வைக்கக் கூடாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. அருட்பா, மருட்பா என்று அந்தச் சண்டை நீதிமன்றம் வரை போய், இரண்டு பேரும் மறைந்த பிறகும் துண்டுப் பிரசுரங்களில் ஓடியது. தமிழ் இலக்கியத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது ஒரு தனிச் சுவை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது, அவ்வளவு மை செலவான காலத்திலும் வடலூரில் உலை வைப்பது நிற்கவில்லை என்பதே.

1870இலேயே அவர் பக்கத்து ஊரான மேட்டுக்குப்பத்துக்குத் தங்குமிடத்தை மாற்றிக்கொண்டார். ஆட்கள் போதிய அளவு மாறவில்லை என்ற வருத்தம் கடைசி ஆண்டுகளின் பேச்சில் தெரிகிறது. 1874 ஜனவரி 30 இரவு சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துப் போனார்கள். அன்பர்கள் ஒளியாய்க் கலந்தார் என்கிறார்கள். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகூட முழுதாக நிம்மதியாகப் போகவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அரசு நிவாரணம் எப்படி இருந்தது தெரியுமா? உண்மையிலேயே பசிக்கிறதா என்று சோதித்துத்தான் கொடுத்தார்கள். வீட்டை விட்டுப் பல மைல் நடந்து முகாமுக்கு வர வேண்டும், வந்து கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். ஏமாற்றுகிறவர் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற கவலையில் செய்த ஏற்பாடு அது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, தென்னார்க்காட்டின் ஒரு கீற்றுக் கொட்டகையில், விசாரிக்காமல் போடுவது என்ற எதிர்முறை நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. வள்ளலாரை ஞானியாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. எனக்கு அவர் வாழ்க்கையில் மிகப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான்.

தருமச்சாலை இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பாடு. தைப்பூசத்துக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் அரிசி மூட்டையும் காய்கறியும் லாரிகளில் வந்து இறங்கும். கவனியுங்கள், அங்கே வருவது விளைந்ததில் மிகுந்தது. சமைத்து, பரிமாறி, நாம் தின்று மீந்தது அல்ல. 2021இல் தமிழ்நாடு அரசு அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது.

இனி நம் விழாக் கூடம். நூறு பேர் வருவார்கள் என்று நூற்றைம்பது பேருக்குச் சொல்லிவிடுகிறோம், போதாமல் போனால் மானம் போய்விடும் என்ற பயத்தில். இரவு பத்தரைக்கு மேல், எல்லோரும் களைத்துப்போன பிறகு, அண்டாவைத் திறந்து பார்த்து யாருக்காவது கொடுக்கலாமே என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் அகப்படுபவர் காவலாளி. காலையில் வந்தால் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா. அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக்கொள்வார்கள். தேங்காய் அரைத்த கூட்டு அதற்குள் நூல் விட்டிருக்கும். இதை அன்னதானம் என்று நாம் சொல்லிக்கொள்வதை வள்ளலார் ஏற்பாரா என்று எனக்குச் சந்தேகம். நம் அண்டாவைக் காலி செய்ய அவர்கள் வயிற்றைக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

சமைத்த சோறு 5 முதல் 60 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். நம் கடலோரப் புழுக்கத்தில் மூடிய அண்டாவுக்குள் அந்த வெப்பம்தான் மணிக்கணக்கில் நிற்கிறது. சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால் மீந்ததைக் கொடுப்பதில் மனசைவிட முக்கியம் மணி. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் கல்யாண மண்டபங்களிலிருந்து சாப்பாட்டை எடுத்துச் சென்று பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019இல் மீந்த உணவுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆக இது நடக்காத காரியம் அல்ல.

நம் சங்கம் யோசித்திருப்பது சிறிய அளவில்தான். கூடத்தைப் பதிவு செய்யும்போதே மீதி உணவுக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயர் எழுதித் தர வேண்டும். முதல் பந்தி எழுந்தவுடன், அதாவது பகல் விருந்தானால் ஒன்றரை மணிக்குள், இரவு விருந்தானால் எட்டரைக்குள், இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று சமையல்காரரோடு கணக்குப் பார்த்து, கூடுதலாக இருப்பதைக் கரண்டி படுவதற்கு முன் சூடாகவே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவிட வேண்டும். இலையில் வைத்தது, மேஜையில் திறந்து வைத்தது, தயிர், தேங்காய் சேர்ந்தது எதுவும் அந்தப் பாத்திரத்துக்குள் போகாது. சேர வேண்டிய இடத்துக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்கள் இரவில் டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டுச் சமாளிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், திடீரென்று அண்டாவோடு போய் நிற்கக் கூடாது. சமைக்காமல் மிஞ்சிய அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறிக்கு அவசரமே இல்லை. மாதப் பூசத்துக்கு வடலூர் போகிற குடும்பங்கள் நம் குடியிருப்பில் இருக்கின்றன. சங்க அலுவலகத்தில் ஒரு மூடி போட்ட டிரம் வைக்கப்பட்டிருக்கிறது, மூட்டை சேர்ந்ததும் அவர்கள் வண்டியில் போகும். பொறுப்பேற்க விரும்புகிறவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். பகல் விருந்துக்கு ஆள் இருக்கிறது, இரவுக்குத்தான் இன்னும் இல்லை.